செப்டம்பரில் ஏறும் டிசம்பர் விளக்குகள்

கிறிஸ்துமஸ் விளக்குகள்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? குளிர், ராத்திரி, பனி, ஒரு பெரிய மரம், யாரோ ஒரு வி.ஐ.பி. வந்து பட்டனை அமுக்குறாரு, எல்லாரும் கைதட்டுறாங்க. இல்லையா?

இன்னைக்கு நாம பேசப்போற கதையில் அந்தக் காட்சி கடைசியில்தான் வரும். கதை தொடங்குறது செப்டம்பர் மாதத்தில். இடம், அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியா. அங்கே செப்டம்பர்னா இன்னும் வெயில் காலம்தான். அந்த வெயிலில், அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு கூட்டம், வானளாவி நிற்கிற மரங்களில் கயிறு கட்டி விளக்குச் சரங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். பண்டிகைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கு. பார்க்க ஆள் கிடையாது. கைதட்டவும் ஆள் கிடையாது. சம்பளமும் கிடையாது.

இது 1920-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலம் மாதிரி சில இடைவெளிகளைத் தவிர, நூறு வருஷத்துக்கும் மேலாகத் தொடர்ந்து நடக்கிறது. அந்தத் தெருவுக்குப் பெயரே கிறிஸ்துமஸ் ட்ரீ லேன். 2025 ஜனவரியில் அந்தத் தெருவைச் சுற்றியிருந்த ஊரில் பெரும்பகுதி எரிந்து போனது. அப்புறம் அந்த வருஷ செப்டம்பரில் என்ன ஆனது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால், விளக்குகள் எப்படித் தெருவுக்கு வந்தன என்று தெரிய வேண்டும்.

மெழுகுவர்த்தியும் ஒரு வாளித் தண்ணீரும்

கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கு வைப்பது ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து பரவிய வழக்கம். மின்சாரம் வருவதற்கு முன்னால் அது உண்மையான மெழுகுவர்த்தி. யோசிச்சுப் பாருங்க: வெட்டிக் கொண்டுவந்து நாள்கணக்கில் வீட்டுக்குள் காய்ந்த ஊசியிலை மரம். பிசின் நிறைந்த மரம். அதன் கிளைகளில் எரியும் மெழுகுவர்த்தி. அதனால் சில நிமிடங்கள் மட்டும்தான் ஏற்றுவார்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீரோ மணலோ தயாராக இருக்கும். அதாவது, விளக்கு ஏற்றுவதற்கு முன்பே அணைப்பதற்கு ஏற்பாடு. முன்யோசனை இல்லாமல் இந்த அழகு என்றைக்குமே இருந்ததில்லை.

1882 செப்டம்பர் 4. நியூயார்க்கில் பேர்ல் தெருவில் தாமஸ் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முதல் நாள் எரிந்தது ஏறக்குறைய 400 விளக்குகள்தான். அதே வருஷம் டிசம்பரில், எடிசனின் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஜான்சன், தன் வீட்டில் ஒரு மரத்துக்கு மின்விளக்கு போட்டார். சிவப்பு, வெள்ளை, நீலம் என மொத்தம் 80 பல்புகள். எல்லாமே கையால் ஒயரிங் செய்தவை. மரம் ஒரு மேடையில் மெதுவாகச் சுழன்றது. சுழலச் சுழல நிறங்கள் மாறி மாறி எரிந்தன.

நியூயார்க் பத்திரிகைகள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டெட்ராய்ட் பத்திரிகை ஒன்றின் நிருபர் பார்த்து எழுதியதால்தான் இந்த விவரங்கள் நமக்குத் தெரிகின்றன.

ஆனா ஒண்ணு கவனிங்க. அது யாருடைய மரம்? மின்சாரக் கம்பெனியின் துணைத் தலைவருடையது. வீட்டுக்கு மின்சாரம் இருக்கணும், இல்லைன்னா ஜெனரேட்டர் வேணும். ஒயரிங் தெரிந்த ஆள் வேணும். அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்தில் மின்விளக்கு மரம் என்பது பெரும் பணக்காரர் வீட்டு விஷயம். 1890-களின் நடுவில் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லேண்ட் காலத்தில் வெள்ளை மாளிகை மரத்துக்கு மின்விளக்கு வந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசினார்கள். 1903 வாக்கில் கடையில் வாங்கி அப்படியே மாட்டக்கூடிய விளக்குச் சரம் விற்பனைக்கு வந்தது. அப்போதும் அது சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாத விலைதான்.

வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு

இங்கேதான் ஒரு திருப்பம். 1912 டிசம்பர் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத்தில், திறந்த வெளியில், பொதுமக்களுக்காக ஒரு பெரிய மரத்துக்கு மின்விளக்கு போட்டார்கள். வீட்டில் மரம் வைக்க வசதி இல்லாதவர்களும், போக வீடே இல்லாதவர்களும் வந்து நின்று பார்க்கட்டும் என்பதுதான் யோசனை. டிக்கெட் இல்லை, அழைப்பிதழ் இல்லை. பாஸ்டனிலும் அதே வருஷம் இப்படி ஒரு பொது மரம் நின்றது. அடுத்த சில வருஷங்களில் பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

அதுவரை பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் இருந்த வெளிச்சம் ஊர்ப் பொதுச் சொத்தானது அப்போதுதான். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் மாற்றம் இது.

1923-இல் வாஷிங்டனில் தேசியக் கிறிஸ்துமஸ் மரம் வந்தது. வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த 48 அடி மரம். குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் டிசம்பர் 24 மாலை பட்டனை அமுக்கினார். சிவப்பு, வெள்ளை, பச்சையில் 2,500 பல்புகள் எரிந்தன. அந்தப் பல்புகளை நன்கொடையாகக் கொடுத்தது யார் தெரியுமா? வாஷிங்டனின் மின்தொழில் சங்கம். பக்தி ஒரு பக்கம், வியாபாரம் இன்னொரு பக்கம். ஊர் நடுவில் ஒரு மரம் எரிந்தால், அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் தன் வாசலிலும் நாலு விளக்கு போடுவார். பல்பு விற்கும், யூனிட் ஓடும். பிறகு மின்சாரக் கம்பெனிகள் வீட்டு அலங்காரப் போட்டிகள் நடத்தும் அளவுக்கு இது வளர்ந்தது.

இதில் ஒரு சின்னத் தொழில்நுட்பக் கதையும் இருக்கு. நம்ம ஊரில் இந்த விளக்குச் சரத்துக்கு என்ன பேர்? சீரியல் செட்! கல்யாண வீடு, கோயில் திருவிழா, தீபாவளி எதுவானாலும் "சீரியல் செட் போட்டாச்சா?"ன்னுதான் கேட்போம். அந்த சீரியல் டி.வி. சீரியல் இல்லை. இயற்பியல் பாடத்தில் படித்த தொடர் இணைப்பு. பழைய அமெரிக்கச் சரங்களில் 15 வோல்ட் பல்புகள் 8 வரிசையாக இருக்கும். எட்டுப் பதினைந்து நூற்றிருபது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். கணக்கு சரியா வருது. ஆனா ஒரு பல்பு போச்சுன்னா மொத்தச் சரமும் அவுட். எந்தப் பல்பு போச்சுன்னு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கணும்.

வீட்டுக்குள் மரத்தில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஆனா 50 அடி உயரத்தில், மழையில், இருட்டில்? அதனால்தான் வெளி அலங்காரத்துக்குப் பக்க இணைப்பில் ஓடும் பெரிய பல்புகள் தேவைப்பட்டன. ஒன்று போனாலும் மற்றவை எரியும். 1920-களின் கடைசியில் அப்படிப்பட்ட சரங்கள் வீடுகளுக்காகக் கடைக்கு வந்தன. அதற்கும் முன்பே, 1920-லேயே, ஒரு தெரு முழுக்க விளக்கு போட்ட ஊர் ஒன்று இருந்தது. இப்போ அந்த ஊருக்குப் போவோம்.

இமயமலை மரம், இத்தாலி விதை

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில், பாசடீனா நகரத்துக்கு வடக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கிறது அல்டடீனா. அங்கே சான்டா ரோசா அவென்யூ என்றொரு சரிவான தெரு. ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம். இருபுறமும் நூற்றுக்கும் மேற்பட்ட பிரம்மாண்டமான மரங்கள். என்ன மரம் தெரியுமா? தேவதாரு.

ஆமா, நம்ம இமயமலைத் தேவதாருதான். காஷ்மீர், ஹிமாச்சல், உத்தராகண்ட் மலைகளின் மரம். ஸ்ரீநகரின் படகு வீடுகள் அந்த மரத்தில் செய்தவை. பிரிட்டிஷ்காரர்கள் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே போடும் கட்டைகளுக்காக ஏராளமாக வெட்டிய மரம். இன்றைக்குப் பாகிஸ்தானின் தேசிய மரம். 1830-களில் அது பிரிட்டனுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பியப் பூங்காக்களில் பரவியது.

அல்டடீனாவை நிறுவிய ஜான் வுட்பரி, ஃபிரெடெரிக் வுட்பரி என்ற சகோதரர்களில் ஜான், 1880-களின் தொடக்கத்தில் இத்தாலிக்குப் போனபோது இந்த மரத்தைப் பார்த்து மயங்கினார். விதை வாங்கி வந்தார். பண்ணையில் நாற்று வளர்த்து, 1885-இல் இரண்டு வரிசையாக நட்டார்கள். எதுக்குன்னா, ஜான் கட்டப்போகும் மாளிகைக்குப் போகும் பாதைக்கு நிழலாக.

அந்த மாளிகையைக் கடைசி வரை கட்டவே இல்லை. நிலவியாபாரம் சரிந்தது, திட்டம் கைவிடப்பட்டது. பாதை மட்டும் இருந்தது. மரங்கள் வளர்ந்துகொண்டே இருந்தன.

35 வருஷம் கழித்து, 1920-இல், பாசடீனாவில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வைத்திருந்த ஃபிரெடெரிக் நாஷ் என்பவர் இந்த மரங்களைப் பார்த்து, "இவற்றுக்கு விளக்கு போட்டால் என்ன?" என்று யோசித்தார். கிவானிஸ் சங்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு, தெருவின் ஒரு பகுதிக்கு முதலில் விளக்கு போட்டார்கள். பிறகு தெரு முழுக்க. யாருக்கோ நிழல் தர நட்ட மரம், யாரும் நினைக்காத ஒரு வேலைக்குத் தயாராக நின்றது.

மரத்தோட பயணத்தைக் கொஞ்சம் பாருங்க. பிறந்தது இமயத்தில். பெயர் சமஸ்கிருதத்தில், தேவர்களின் மரம். விதை இத்தாலியிலிருந்து. மண் கலிஃபோர்னியாவுடையது. பண்டிகை கிறிஸ்தவர்களுடையது. "எது யாருடைய பாரம்பரியம்?" என்று யாராவது சண்டைக்கு வந்தால் இந்தத் தெருவைக் காட்டலாம்.

பந்தக்கால் எப்போது நடுவது?

நம்ம ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்குப் பல நாள் முன்பே ஒரு நல்ல நாள் பார்த்துப் பந்தக்கால் நடுவார்கள். அன்றைக்குப் பந்தலும் இருக்காது, பாட்டும் இருக்காது. ஒரே ஒரு கால். ஆனால் அது நட்டாச்சு என்றால் ஊருக்கே சேதி போய்விடும்: இனிப் பின்வாங்க முடியாது.

அல்டடீனாவின் பந்தக்கால் செப்டம்பர். ஏன் அவ்வளவு சீக்கிரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கேற்றும் விழா டிசம்பர் தொடக்கத்தில். வேலை செய்பவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். வாரநாளில் அவரவர் வேலைக்குப் போகணும். கையில் இருப்பது வார இறுதி மட்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 10 வார இறுதிகள். மரங்கள் நூற்றுக்கு மேல். அப்படியென்றால் வாரத்துக்குப் பத்து மரத்துக்கு மேல் முடிக்கணும். நடுவில் ஒரு வாரம் மழை, ஒரு வாரம் பலத்த காற்று, ஒரு வாரம் ஆள் வரவில்லை என்றால்? மாதத்தை முன்னே தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மரம் உயரமானது. ஏணி எட்டாது. கயிறும் கப்பியும் வைத்துச் சரத்தை மேலே இழுக்கணும், கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி. மேலே போகும்போது சரம் கிளையில் சிக்கும். இறக்கி, எடுத்து, மறுபடி ஏற்றணும். மேலே ஏறிய பிறகு ஒரு பல்பு எரியவில்லை என்று தெரிந்தால் பாதி நாள் போச்சு. அதனால் கீழே இருக்கும்போதே எல்லாப் பல்பையும் எரியவிட்டுப் பார்க்கணும். வருஷா வருஷம் மரமும் வளர்கிறது; போன வருஷத்து நீளம் இந்த வருஷம் போதாது.

மின்சாரக் கணக்கு இன்னொன்று. பழைய வெளிவிளக்குப் பல்பு ஒன்று 7 வாட். அமெரிக்க வீட்டின் சாதாரண மின்சுற்று ஒன்று 15 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து எரிவதற்கு அதில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்தலாம், அதாவது 1,440 வாட். ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 205 பல்பு. ஒரு மரத்திலேயே அது தீர்ந்துவிடலாம். அப்போ ஒரு தெருவுக்கு? எங்கே மின்சாரம் எடுப்பது, எந்த மரத்தை எதோடு சேர்ப்பது, எங்கே ஃபியூஸ் வைப்பது எல்லாம் காகிதத்தில் முதலிலேயே முடிவாக வேண்டும். எல்.இ.டி. வந்த பிறகு வாட் கணக்கு பல மடங்கு குறைந்தது. ஆனால் கயிறு இழுக்கும் கைகளின் எண்ணிக்கை குறையவில்லை.

இன்னொரு விஷயம். அல்டடீனா ஒரு நகராட்சி கிடையாது. மேயர் இல்லை, நகரமன்றம் இல்லை. கவுன்டி நிர்வாகத்துக்குக் கீழ் வரும் ஒரு குடியிருப்புப் பகுதி. அதனால் "ஊர் நிர்வாகம் பார்த்துக்கும்" என்று உட்கார்ந்திருக்க முடியாது. 1950-களில் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்து, விளக்கு வாங்குவது, பழுது பார்ப்பது, பணம் திரட்டுவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். 1990-இல் இந்தத் தெரு அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வருபவர்கள் காரின் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, மரங்களின் வெளிச்சத்திலேயே மெதுவாக ஊர்ந்து போவது இங்கே நெடுநாள் வழக்கம்.

அணைந்த விளக்கும் பேசும்

நூறு வருஷம் என்றால் இருட்டும் இருக்கத்தானே செய்யும். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை முழுக்க இரவு வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு. எதிரி விமானத்துக்கும் கப்பலுக்கும் வழிகாட்டும் என்று பயம். அந்தப் போர்க் காலத்தில் தேவதாருகளும் இருட்டில் நின்றன.

1973-இல் எண்ணெய் நெருக்கடி. நவம்பர் 25 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி அலங்கார வெளிவிளக்குகளைக் குறைக்கச் சொன்னார். தேதியைப் பாருங்க. நவம்பர் 25! அதற்குள் நாடு முழுக்க எத்தனை பேர் கூரைமேல் ஏறி வேலையை முடித்திருப்பார்கள்! அந்த வருஷம் தேசிய மரத்திலேயே விளக்குச் சரங்கள் எரியவில்லை. கீழேயிருந்து ஸ்பாட்லைட் பாய்ச்சினார்கள்.

1979-இல் இன்னும் ஆழமான ஒன்று நடந்தது. ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். குடியரசுத் தலைவர் கார்ட்டர் பெரிய மரத்தின் உச்சி நட்சத்திரத்தை மட்டும் எரியவிட்டார். அடுத்த வருஷம், 1980-இல், அந்த மரம் முழுசாக எரிந்தது வெறும் 417 வினாடி. பிணைக்கைதிகளின் சிறைவாசத்துக்கு, நாளுக்கு ஒரு வினாடி. 1981 ஜனவரி 20 அன்று அவர்கள் விடுதலையானார்கள்; அதன் பிறகுதான் மரம் நிறைந்த ஒளியில் எரிந்தது.

இதில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்குது. அந்த 417 வினாடிக்கும் மொத்தச் சரத்தையும் ஏற்றித்தான் ஆகணும். எரியப்போவது ஏழு நிமிடமா ஏழு வாரமா என்பது மரத்தில் கயிறு இழுப்பவருக்கு ஒன்றுதான்.

2025

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை மாலை. ஈட்டன் பள்ளத்தாக்கில் தீ தொடங்கியது. மலையிலிருந்து புயல் வேகத்தில் காற்று. ஓரிரு நாளில் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அல்டடீனாவில். தீயின் மூலத்துக்கு அருகே ஓடிய உயர் அழுத்த மின்தடம்தான் காரணமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ஊருக்கு வெளிச்சம் தந்த மின்சாரத்தின் மேலேயே சந்தேகம்.

இங்கே கொஞ்சம் ஊர் வரலாறு தேவை. அல்டடீனாவை லேக் அவென்யூ என்ற சாலை கிழக்கு, மேற்கு எனப் பிரிக்கிறது. இனத்தின் பெயரால் வீடும் கடனும் மறுக்கப்பட்ட காலத்தில், பல இடங்களில் வாங்க முடியாத கறுப்பினக் குடும்பங்கள் இந்த மேற்குப் பக்கத்தில் வீடு வாங்கின. 1960-களுக்குப் பிறகு அது தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழும் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் ஊராக வளர்ந்தது. கிறிஸ்துமஸ் ட்ரீ லேன் இருப்பதும் அந்த மேற்குப் பக்கத்தில்தான்.

தீ பரவிய இரவில், கிழக்குப் பக்கத்துக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு முன்னிரவிலேயே போய்விட்டது. மேற்குப் பக்கத்துக்கு அது மறுநாள் அதிகாலை 3 மணிக்கு மேல்தான் வந்தது. முதலில் உறுதி செய்யப்பட்ட 17 இறப்புகளும் லேக் அவென்யூவுக்கு மேற்கே நிகழ்ந்தவை. அவர்களில் பலர் வயதானவர்கள், நடமாட முடியாதவர்கள்.

நாம இவ்வளவு நேரம் "முன்கூட்டியே" என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அலங்கார விளக்குக்கு மூன்று மாதம் முன்பே கயிறு எடுக்கும் ஒரு ஊருக்கு, உயிர் பிழைக்க வேண்டிய எச்சரிக்கை சில மணி நேரம் தாமதமாக வந்தது. அக்கம்பக்கத்தார் தங்கள் கையில் வைத்திருந்த வேலை நூறு வருஷமாக நேரத்துக்கு நடந்தது. ஊர் மொத்தமும் நம்பியிருந்த அமைப்பு, தேவைப்பட்ட ஒரே இரவில் நேரத்துக்கு வரவில்லை. இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

தேவதாருகள் பெரும்பாலும் தப்பின. சுற்றிலும் வீடுகள் கரியாகக் கிடக்க, 1885-இல் நட்ட அந்த மரங்கள் நின்றன.

பிறகு செப்டம்பர் வந்தது. யோசிச்சுப் பாருங்க. ஊரில் பாதிப் பேர் வெளியூரில் வாடகை வீட்டில். இன்ஷூரன்ஸ் அலைச்சல். நச்சுச் சாம்பல் அள்ளிய வெற்று மனைகள். "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தன்னார்வலர்கள் வந்தார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கயிறு எடுத்தார்கள், பல்பு பார்த்தார்கள், மரத்துக்கு மரம் ஏற்றினார்கள். 2025 டிசம்பரில் கிறிஸ்துமஸ் ட்ரீ லேன் மறுபடி எரிந்தது.

எதற்காக இதெல்லாம்?

விளக்கு எரிந்ததால் வீடு திரும்பி வந்துவிடுமா? வராது. தாமதமான எச்சரிக்கைக்கு அது பதிலாகுமா? ஆகாது. அந்தக் கேள்விகளை அந்த ஊர் மக்கள் வேறு இடங்களில், வழக்கு மன்றங்களிலும் விசாரணைகளிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் செப்டம்பரில் கயிறு எடுப்பவர் ஒன்றைச் சொல்கிறார்: டிசம்பரில் இங்கே ஒரு ஊர் இருக்கும். பார்க்க ஆட்கள் வருவார்கள். நானும் இருப்பேன். பெரிய பேச்செல்லாம் இல்லை. நூறு மரத்துக்கு மேல், வாரம் பத்து மரம் என்ற கணக்கில், வியர்த்து விறுவிறுத்துச் சொல்கிற வாக்கு அது. எல்லாம் எரிந்துபோன வருஷத்திலும் அதைச் சொன்னார்கள் என்பதுதான் விஷயம்.

நம் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. தேர்த் திருவிழாவுக்கு மாதங்களுக்கு முன்பே வடத்தை எடுத்து இழை இழையாகப் பார்ப்பவர்கள். சந்தனக்கூடுக்கு ஒரு மாதம் முன்பே சீரியல் செட்டைப் பிரித்துப் பல்பு பல்பாகச் சோதிப்பவர்கள். டிசம்பர் மழையில் சர்ச் கோபுரத்தில் நட்சத்திரம் ஏற்றுபவர்கள். விழா மேடையில் அவர்கள் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

அடுத்த முறை ஒரு தெரு முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்து செல்ஃபி எடுக்கும்போது, இது எந்த மாதம் தொடங்கியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. முடிஞ்சா, விளக்கு போட்ட அந்த அண்ணனைத் தேடிப் பிடிச்சுக் கேளுங்க. நல்ல கதை கிடைக்கும்.

உங்க ஊரில் அப்படி ஒருத்தர் இருந்தா எங்களுக்கு எழுதுங்க. இந்த எபிசோட் பிடிச்சிருந்தா நண்பர்களோட பகிருங்க. அடுத்த எபிசோட்ல இன்னொரு வரலாற்றோட சந்திப்போம்.